போர்ச்சுகலில் பன்னிரண்டு இரவுகள்: லிஸ்பன், கடற்கரை, டோரு திராட்சைப் பள்ளத்தாக்கு. எங்கள் திட்டம் சரிதானா?

பன்னீர்ப்பந்தல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, வரும் செப்டம்பர் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் போர்ச்சுகல் போவதாக இருக்கிறோம். மகளின் வற்புறுத்தலால் அமைந்த பயணம் இது. விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை, ஆகவே எதையும் மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. எனக்கு வயது 66, மனைவிக்கு 61. இருவரும் நன்றாகவே நடப்போம், ஆனால் அவருக்கு வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்பார். அவர் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். நான் மீன் சாப்பிடுவேன்.

நான் வரைந்து வைத்திருக்கும் திட்டம் இதுதான்: லிஸ்பனில் இரண்டு இரவு, சின்ட்ராவில் ஒன்று, எவோராவில் ஒன்று, தெற்குக் கடற்கரையில் லாகோஸ் நகரில் இரண்டு, நசரேயில் ஒன்று, கோயிம்ப்ராவில் ஒன்று, போர்ட்டோவில் இரண்டு, டோரு பள்ளத்தாக்கில் ஒன்று, கடைசியாக விமானம் ஏறுவதற்காக மீண்டும் லிஸ்பனில் ஒன்று. தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒன்பது முறை பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று மனைவி விரல்விட்டு எண்ணிச் சொன்ன பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

நாற்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன் என்றாலும், சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓட்டியதில்லை. வாடகைக் கார் எடுப்பதா, இரயிலிலேயே சுற்றுவதா என்று சொல்லுங்கள்.

முக்கியமான கேள்வி வேறு. எங்கள் குடும்பத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாகப் படரவிட்ட கொடிகளுக்கு அடியில் குனிந்து நடந்தே வளர்ந்தவன் நான். அதனால்தான் டோரு பள்ளத்தாக்கின் பெயரைத் திட்டத்தில் சேர்த்தேன். ஆனால் நான் விசேஷத்துக்கு ஒரு கோப்பை குடித்தால் அதிகம், மனைவி தொடுவதே இல்லை. அப்படியிருக்க, ஒயின் விளையும் ஊருக்குப் போய் ஒரு நாளைச் செலவழிப்பதில் பொருள் உண்டா? அல்லது அந்த நாளைக் கடற்கரைக்குக் கொடுத்துவிடலாமா?

ஜன்னலோரம் எழுதியது:

ஐயா, வீட்டு அம்மா எண்ணிய கணக்கே உங்கள் முதல் கேள்விக்குப் பதில். நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு இதே நாட்டில் பதினோரு நாள் சுற்றினோம். உங்களைப் போலவே ஊர்களை அடுக்கிக்கொண்டு போனோம். ஐந்தாம் நாள் எந்த ஊரில் கண் விழிக்கிறோம் என்றே தெரியாமல் போயிற்று. பன்னிரண்டு இரவுகளுக்கு நான்கு தங்குமிடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். லிஸ்பனில் இறங்கி போர்ட்டோவிலிருந்து திரும்புமாறு விமானச் சீட்டு எடுத்தால், கடைசி நாளில் வந்த வழியே 300 கிலோமீட்டர் திரும்ப வேண்டிய வேலையும் மிச்சம்.

லிஸ்பனுக்கு ஐந்து இரவு கொடுங்கள். சின்ட்ரா, எவோரா இரண்டையும் அங்கிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர்களாக வைத்துக்கொள்ளலாம். ரோசியு நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சின்ட்ரா வந்துவிடும். அங்கே மலையுச்சியில் இருக்கும் பெனா அரண்மனைக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கான சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, வாசலிலிருந்து மேலே செல்லும் சிறு பேருந்திலேயே ஏறிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் சின்ட்ராவின் எல்லா அரண்மனைகளையும் பார்த்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் நல்ல முழங்கால் உடையவர்கள்.

லிஸ்பனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மனைவியின் முழங்கால் இந்த நகரத்தில்தான் சோதிக்கப்படும். நடைபாதைகள் எங்கும் கைக்குள் அடங்கும் அளவிலான சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் செருப்புத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கற்கள் வழவழவென்று ஆகியிருக்கின்றன. ஒரு தூறல் விழுந்தால் சோப்பு நீர் தெளித்த தரைதான். அடிப்பகுதி ரப்பராக உள்ள காலணி அல்லாமல் வேறெதையும் கொண்டுபோகாதீர்கள். என் பெட்டியின் ஒரு சக்கரம் அல்ஃபாமா என்ற பழைய குன்றுப் பகுதியின் சந்தொன்றில் கழன்று, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிப்படியாகக் குதித்து இறங்கி, கீழே ஒரு மளிகைக் கடை வாசலில் போய் நின்றது. கடைக்காரர் அதை எடுத்து, துடைத்து, என்னிடம் தந்தார். அன்று முதல் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தேன். தங்கும் விடுதியைக் குன்றின் மேல் எடுக்காமல், பைஷா எனப்படும் சமதளப் பகுதியில் எடுங்கள்.

அந்தச் சமதளமே ஒரு வரலாறு. 1755-ஆம் ஆண்டு நவம்பர் 1, கிறிஸ்தவர்கள் தேவாலயங்களில் கூடியிருந்த திருநாள் காலையில் நிலநடுக்கம் வந்தது. பின்னாலேயே கடல் புகுந்தது, மெழுகுவத்திகளிலிருந்து தீ பரவியது. நகரின் மையம் அழிந்துபோக, பொம்பால் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட அமைச்சர் அதைக் கட்டம் போட்டதுபோல நேர்த்தெருக்களாகத் திரும்பக் கட்டவைத்தார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோலக் கோத்து, நில அதிர்வைத் தாங்குமாறு அமைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்கப் படைவீரர்களைச் சுற்றிலும் ஓங்கி மிதித்து நடக்கவைத்தார்கள் என்று சொல்வார்கள். கூரையில்லாமல் விலா எலும்புகள் போல வளைவுகள் மட்டும் நிற்கும் கார்மு மடாலயத்தை அந்த நிலநடுக்கத்தின் சாட்சியாக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இந்தத் தெருக்களில் நடந்தால் நகரம் புரியும்.

லிஸ்பனில் குன்றின் மேல் இருக்கும் கோட்டைக்கு ஏறுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பைஷாவில் ஃபாங்கேய்ருஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் நகராட்சியின் இலவச மின்தூக்கி இருக்கிறது. அதில் ஏறி வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால், பழைய சந்தைக் கட்டடத்தில் இன்னொரு மின்தூக்கி. இரண்டும் சேர்ந்து மலையில் பெரும்பகுதியைத் தூக்கிவிடும். எல்லோரும் புகழும் 28-ஆம் எண் டிராமில் நிற்க இடம் கிடைப்பதே அரிது, ஜேப்படிக்காரர்களுக்கும் அது பிடித்தமான வண்டி. படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

லிஸ்பனின் மேற்குப் பகுதியான பெலேமுக்கு 15-ஆம் எண் டிராமில் போங்கள். அதன் புதிய வண்டிகள் தாழ்தளம் உடையவை. திங்கட்கிழமை போகாதீர்கள், ஜெரோனிமுஸ் மடாலயம் அன்று மூடியிருக்கும். 1501-இல் கட்டத் தொடங்கிய அந்த மடாலயத்துக்கான பணத்தில் பெரும்பங்கு, கிழக்கிலிருந்து வந்த மிளகு முதலிய சரக்குகள் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. கல்லில் கயிறும் முடிச்சும் கடல்தாவரமும் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, மலபார் மிளகுக்கொடிதான் இப்படி உருமாறி நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. பக்கத்திலேயே 1837 முதல் சுடப்படும் முட்டைப் பாலேட்டுப் பணியாரம் கிடைக்கும், உங்கள் மனைவியும் சாப்பிடலாம். தமிழ்ச் சொற்கள் முதன்முதலில் அச்சேறிய ஊர் லிஸ்பன் என்பதும் உங்களுக்குப் பிடிக்கலாம். 1554-இல் இங்கே அச்சான ஒரு கிறிஸ்தவ வினாவிடை நூலில் தமிழை ரோமன் எழுத்துகளில் அச்சிட்டிருக்கிறார்கள்.

லாகோஸை வெட்டிவிடுங்கள். லிஸ்பனிலிருந்து இரயிலில் இடையில் வண்டி மாறி ஏறத்தாழ நான்கு மணி நேரம், திரும்ப அதே நான்கு மணி நேரம். உங்கள் வழி வடக்கே போகிறது, அந்த ஊரோ தெற்குக் கோடியில் இருக்கிறது. கோயிம்ப்ராவைப் பற்றி எனக்கு இரு மனம். 1290-இல் தோன்றிய பல்கலைக்கழகமும், இரவில் பூச்சி பிடிக்கும் வௌவால்கள் குடியிருக்கும் அதன் பழைய நூலகமும் அருமையானவைதான். அந்த வௌவால்களின் எச்சம் விழாமலிருக்க மாலைதோறும் மேசைகளைத் தோல் விரிப்பால் மூடுகிறார்கள். ஆனால் அதுவும் மலை மேல்தான் இருக்கிறது.

திராட்சைப் பள்ளத்தாக்கைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. போர்ட்டோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பியவன் நான், அது தப்பு என்று மட்டும் தெரியும்.

பருத்தித்துறையான் எழுதியது:

ஐயா, நான் போர்ட்டோவில் வசிக்கிறேன். வந்த புதிதில் ஐந்து அறுவடைக் காலங்கள் டோரு பள்ளத்தாக்கில் கூலிக்குத் திராட்சை வெட்டியவன், ஆதலால் இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். குடிக்காதவர் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னோடு வெட்டியவர்களில் பாதிப் பேர் குடிப்பதில்லை. அந்தப் பள்ளத்தாக்கைக் குடிப்பவர்களைவிடத் தோட்டக்காரர்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கம்பத்தில் கொடி தலைக்கு மேலே. இங்கே இடுப்பளவுக்குத்தான் வரும். அங்கே தண்ணீர் பாய்ச்சி ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் பறிப்பீர்கள். இங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் நீங்கள் வருகிற செப்டம்பர் கடைசியில்தான் மும்முரமாக இருக்கும். மண் என்று ஒன்று கிடையாது, பலகை பலகையாகப் பிளக்கும் கற்பாறைதான். அந்தப் பிளவுகளுக்குள் வேர் பல மீட்டர் ஆழம் இறங்கித் தண்ணீர் தேடுகிறது. பகலில் அந்தக் கல் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் வெளியே விடுகிறது. மாலை ஆறு மணிக்குத் தோட்டச் சுவரில் கை வைத்தால் ஒட்டுப்பாண் சுடும் அடுப்புச் சுவர்போல இருக்கும். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. நீங்கள் வரும்போது நரகம் முடிந்திருக்கும்.

அந்தப் பாறைச் சரிவை உடைத்து, உடைத்த கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கி, மலை முழுவதையும் படிக்கட்டாக மாற்றியிருக்கிறார்கள். எல்லாம் மனிதக் கையாலும் அலவாங்காலும் செய்தது. (அலவாங்கு என்றால் கடப்பாரை. அதுவே போர்த்துக்கீசச் சொல், இங்கே அலவாங்கா என்பார்கள்.) சில சரிவுகளில் அடுக்குச் சுவர் மட்டும் இருக்கும், கொடி இருக்காது, புதர் மண்டிக் கிடக்கும். 1860-களில் வேரைத் தின்னும் ஃபைலொக்செரா என்னும் பூச்சி வந்து தோட்டங்களை அழித்தபோது கைவிடப்பட்டுத் திரும்ப நடப்படாத நிலங்கள் அவை. அவற்றுக்குச் செத்த நிலம் என்ற பொருள் வரும் பெயரை இங்கே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் காட்டமாட்டார்கள், நீங்களே கவனித்துப் பாருங்கள்.

எந்தத் திராட்சை எந்த எல்லைக்குள் விளைந்தால் இந்தப் பள்ளத்தாக்கின் போர்ட் ஒயினுக்கு ஆகும் என்று 1756-இலேயே சட்டம் போட்டு, எல்லையில் கருங்கல் நட்டிருக்கிறார்கள். செய்தவர் முந்தைய பதிவில் வந்த அதே பொம்பால்தான். லிஸ்பன் இடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் இதற்கும் அவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

இனிச் செய்முறை. வெட்டிய குலைகளைக் கருங்கல் தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பது இன்னும் சில தோட்டங்களில் நடக்கிறது. முதல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் கைபோட்டு வரிசையாக நின்று, ஒருவர் இடது, வலது என்று குரல் கொடுக்க, முழங்காலை உயர்த்தி உயர்த்தி மிதிக்க வேண்டும். பேச்சில்லை, பாட்டில்லை. தொடைவரை குளிர்ந்த கூழ், காலடியில் காம்பும் விதையும் குத்தும். அது முடிந்தவுடன் தலைவர் விடுதலை என்று ஒரு சொல் சொல்வார், அப்புறம்தான் அக்கார்டியன் வாசிப்பும் ஆட்டமும். சுற்றுலாப் படங்களில் வருவது அந்த இரண்டாம் பகுதி மட்டும். கால் ஊதாவாகி ஒரு வாரம் போகாது.

சாறு புளிக்கத் தொடங்கி, சர்க்கரையில் ஏறத்தாழ பாதி சாராயமாக மாறிய தருணத்தில், திராட்சையிலிருந்தே வடித்த 77 விழுக்காடு வலுவுள்ள சாராயத்தை அதில் கலப்பார்கள். அதோடு நொதித்தல் நின்றுவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ட் ஒயின் இனிப்பாகவும், 20 விழுக்காடு அளவுக்கு வலுவாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். பழைய கணக்குப்படி 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம், ஆக 550 லிட்டர், அதுதான் ஒரு பீப்பாய். இங்கே அதைப் பிப்பா என்பார்கள். நாம் பீப்பாய் என்று சொல்வது இந்தச் சொல்லையேதான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஊரில் நாங்கள் சாப்பிட்ட பாண், போட்ட சப்பாத்து எல்லாம் இவர்களிடமிருந்து வந்தவை. முதல் நாள் வேலையில் மேற்பார்வையாளர் சாவியைக் கொண்டுவா என்றது எனக்கு மொழி தெரியாமலே விளங்கியது.

பீப்பாய்களைப் பள்ளத்தாக்கிலேயே வைத்தால் வெயிலுக்கு ஒயின் கெடும் என்று, ஆற்றோடு ரபேலு என்ற தட்டையடிப் படகுகளில் ஏற்றிக் கடலோரமாக இருக்கும் கையாவுக்குக் கொண்டுவந்து சேமித்தார்கள். போர்ட்டோவுக்கு எதிர்க்கரை அது. அணைகள் வந்து ஆறு அடங்கிவிட்டபின் படகுகள் அலங்காரமாகக் கட்டி நிற்கின்றன. பெயர் போர்ட்டோவுக்குப் போனது, உழைப்பு மேலே மலையில் இருக்கிறது. அதனால்தான் கையாவின் கிடங்கைப் பார்த்துவிட்டு டோருவைப் பார்த்ததாகச் சொல்பவர்களோடு நான் கதைப்பதில்லை.

பின்யாவ் என்ற சிற்றூரில் இரண்டு இரவு தங்குங்கள். போர்ட்டோவின் சாவ் பென்டு நிலையத்தில் இரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம். நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள், ஏனென்றால் அதன் மண்டபச் சுவர்களில் பதித்திருக்கும் ஏறத்தாழ 20,000 நீல ஓடுகளைப் பார்க்க வேண்டும். வண்டியில் வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறே தெரியாது, ஏமாற்றிவிட்டான் என்று என்னைத் திட்டுவீர்கள். அப்புறம் தண்டவாளம் ஆற்றோரம் இறங்கியதும் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். பின்யாவ் நிலையத்தின் ஓட்டுச் சித்திரங்களில் வெட்டுவது, சுமப்பது, மிதிப்பது, படகேற்றுவது என்று மேலே நான் எழுதியவை எல்லாம் இருக்கின்றன.

மூன்றாம்மாடி எழுதியது:

முழங்கால் தேய்மானம் உள்ளவள் என்ற முறையில் சில சொற்கள். லாகோஸைத் தூரத்தைக் காரணமாகக் காட்டி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொன்னிறப் பாறைகள் தூண்களாகவும் வளைவுகளாகவும் கடலுக்குள் நிற்கும் பொன்டா த பியேதாட் போன்ற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெயிலும் கடலுமே போதும் என்கிறவர்கள் இந்த நாட்டில் வேறெங்கும் போக வேண்டியதே இல்லை. ஆனால் உங்கள் மனைவிக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பாறைமுனையிலிருந்து கடல்மட்டத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், இறங்குவதுதான் வலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் கீழே போய்ப் படம் எடுத்து வந்து காட்டினார்.

கடலுக்கு நசரேயே போதும். அங்கே ஊர் மணற்கரையோடு சமதளத்தில் இருக்கிறது. குன்றின் மேல் உள்ள சீத்தியு பகுதிக்கு 1889 முதல் ஓடும் இழுவை இரயில் இருக்கிறது. மேலே கோட்டையின் கலங்கரை விளக்கத்தருகில் நின்றால், உலகின் மிக உயர்ந்த அலைகள் எழும் நீர்ப்பரப்பு எதிரே. கரைக்கு மிக அருகே வரை நீண்டுவரும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு அலையின் வேகத்தைக் குறையவிடாமல் கொண்டுவந்து, ஆழம் குறைந்த இடத்தில் திடீரென்று உயர்த்திவிடுகிறது. 2020 அக்டோபரில் அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர். நீங்கள் போகும் மாதத்தில் அப்படி ஒன்றும் எழாது, அந்தப் பருவம் அக்டோபரில்தான் தொடங்கும். நான் பார்த்தபோது நம் மெரினாவைவிடச் சாதுவாக இருந்தது. தண்ணீர் மட்டும் கோடையிலும் பற்கள் கிட்டும் அளவுக்குக் குளிரும்.

நசரேயில் என் மனம் நின்ற இடம் வேறு. கடற்கரை மணலில் மரச்சட்டங்களில் வலை கட்டி, அதன்மேல் மீனை வயிற்றோடு பிளந்து, விசிறிபோல விரித்து, உப்புநீரில் தோய்த்து வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். தலையில் துணி கட்டி, அடுக்கடுக்காகப் பாவாடை உடுத்திய வயதான பெண்கள் அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈ ஓட்டிக்கொண்டே விற்கிறார்கள். காற்று திரும்பியதும் வந்த மணத்தில் எனக்குக் கண்ணை மூடினால் ஊர்தான். விலை கேட்டபோது அந்த அம்மா ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் வைத்து, முதலில் தின்னச் சொல்லிச் சைகை காட்டினார். ஐயா, இது உங்களுக்கானது. உங்கள் மனைவியைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிடுங்கள்.

சைவ உணவைப் பற்றி: பெரிய நகரங்களில் சிரமமில்லை, சிற்றூர்களில் எச்சரிக்கை வேண்டும். பச்சை நிறக் கீரை சூப்பைச் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது, பெரும்பாலும் அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். இறைச்சி வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீனை இறைச்சியாக அவர்கள் எண்ணுவதில்லை. உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். அது இலவசம் அன்று, தொட்டால்தான் காசு. தேவையில்லை என்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

பன்னீர்ப்பந்தல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கருவாட்டுப் பகுதி தவிர மற்ற எல்லாம் அவருக்குப் பிடித்திருக்கிறது. மாற்றிய திட்டம்: லிஸ்பன் ஐந்து இரவு, நசரே இரண்டு, பின்யாவ் இரண்டு, போர்ட்டோ மூன்று, திரும்புவது போர்ட்டோவிலிருந்து. கோயிம்ப்ராவை நசரேயிலிருந்து வடக்கே போகும் வழியில் வண்டி மாறும் ஊராக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். எவோராவுக்கு ஒரு நாள் போதுமா, அந்த ஊருக்கும் ஒயினுக்கும் தொடர்பு உண்டா? பின்யாவ் பகுதியிலாவது கார் எடுக்கலாமா?

ஜன்னலோரம் எழுதியது:

எவோராவுக்கு ஒரு நாள் போதும். லிஸ்பனின் ஓரியன்ட் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். முதல் நூற்றாண்டு ரோமானியக் கோயிலின் தூண்கள் ஊர் நடுவில் நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் நீர்க்கால்வாய் வளைவுகளுக்குள் வீடுகளையே கட்டிக் குடியிருக்கிறார்கள். எலும்புகளாலேயே சுவர் எழுப்பிய சிற்றாலயத்தின் வாசலில், இங்கே இருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம் என்று பொறித்திருக்கிறது. என் மனைவி உள்ளே வர மறுத்துவிட்டார்.

ஒயினுக்குத் தொடர்பு உண்டு. அலென்டேஜு என்ற அந்தப் பகுதியில் ஆளுயர மண்தாழிகளில் ஒயின் நொதிக்கவைக்கும் வழக்கம் ரோமானியர் காலத்திலிருந்து வருவது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளில்தான் தாழி திறப்பார்கள், ஆகையால் உங்களுக்குக் கிடைப்பது சென்ற ஆண்டினுடையதாக இருக்கும். இரயில் சன்னலில் தக்கை ஓக் மரங்களைப் பாருங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பட்டை உரிக்கலாம் என்பதால், உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் வெள்ளையால் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கோடையில் உரித்த மரம் செங்கல் நிறத்தில் தோலுரிந்தாற்போல நிற்கும்.

கார் வேண்டாம் என்பதே என் கருத்து. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிடலாம், அது ஓராண்டு செல்லும். ஆனால் டோருவின் மலைச்சாலைகள் வலப்பக்கம் ஓட்டிப் பழகும் இடமல்ல. ரெகுவா என்ற ஊரிலிருந்து பின்யாவ் வரை ஆற்றோரம் போகும் சாலை மிக அழகானதுதான், ஆனால் ஓட்டுகிறவர் ஆற்றைப் பார்க்க முடியாது. இரயிலில் இன்னொரு ஆதாயமும் உங்களுக்கு உண்டு: 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். உங்கள் மனைவிக்கு இன்னும் நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்குமுன் முந்திக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறையான் எழுதியது:

கார் விடயத்தில் நானும் அதே கருத்துத்தான். பின்யாவ் படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரப் படகுச் சவாரி இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. மேலே கசால் த லொய்வுஸ் காட்சிமுனைக்கு ஒரு டாக்ஸி பேசிக்கொண்டு போய் வாருங்கள். ஆறு வளைந்து வருவதும் படிக்கட்டு மலைகளும் அங்கிருந்து முழுதாகத் தெரியும். தோட்டங்களில் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது, அதுவும் அறுவடை நேரத்தில் அவர்களுக்கே மூச்சுவிட நேரம் இராது. இப்போதே கடிதம் எழுதுங்கள். எழுதும்போது திராட்சை வளர்த்த குடும்பம் என்று குறிப்பிடுங்கள், சுவைக்கும் மேசைக்குப் பதிலாகத் தோட்டத்துக்குள் அழைத்துப்போகக்கூடும்.

பழத்தையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், அம்மாவுக்கும் கொடுங்கள். உங்கள் பன்னீர் திராட்சையைவிடச் சிறியது, தோல் தடிப்பு, விதை பெரிது, சதை கொஞ்சம்தான். ஆனால் இனிப்பு உதட்டில் ஒட்டும். ஊர் சின்னது, ஞாயிற்றுக்கிழமையில் போனால் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். பாணும் பழமும் போர்ட்டோவிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறுங்கள்.